பக்கத்துக் காம்பராவின் சாட்சி

கினிகத்தேனையில் பேருந்து நின்றுவிட்டது. ஏற்றத்தில் புகை கக்கிக்கொண்டே வந்த வண்டி, கடைவீதியைக் கண்டதும் இதற்கு மேல் முடியாது என்று ஓரமாக ஒதுங்கிக்கொண்டது. அதற்குள் நான் இரண்டு பேரோடு சண்டை போட்டிருந்தேன். ஒருவர், மழை உள்ளே அடித்தும் சன்னலை மூட மறுத்தவர். இன்னொருவர், என் காலின் மேல் தேங்காய் மூட்டையை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர். நான் தமிழில் கோபப்பட்டேன், அவர்கள் சிங்களத்தில் கோபப்பட்டார்கள், ஆகவே யாருக்கும் பெரிய சேதமில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், நான் போய்க்கொண்டிருந்தது பரிசுத்த வாழ்வைப் பற்றிப் பிரசங்கம் செய்ய.

எனக்குத் தூத்துக்குடி. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சபையில் நாலு பேர் கேட்கும்படி பேச வரும் என்பதால் அங்கே இங்கே கூப்பிடுவார்கள். பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துச் சபையில் ஊழியம் செய்யும் பாஸ்டர் ஜெயசீலனுக்கு, எங்கள் ஊரில் வேதாகமம் படித்த காலத்தில் எங்கள் வீட்டில்தான் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு. அந்த நன்றிக்கு என்னை அழைத்திருந்தார். வியாழன், வெள்ளி, சனி மாலைகளில் கூட்டம், ஞாயிறு ஆராதனையில் ஒருவரைச் சபை மூப்பராக ஏற்படுத்துகிறார்கள், அதற்கும் இருந்துவிட்டு வரவேண்டும் என்பது ஏற்பாடு. கிளம்பும்போது என் மனைவி, “உங்க பரிசுத்தமெல்லாம் நம்ம வாசற்படி வரைக்கும்தான். கடல் தாண்டித் தாங்குமா பாருங்க” என்று சொல்லித்தான் அனுப்பினாள். அவள் சொன்னது கினிகத்தேனையிலேயே உண்மையாகிவிட்டது.

பேருந்து நின்ற இடத்துக்கு எதிரே ஒரு முஸ்லிம் பெரியவரின் சாப்பாட்டுக் கடை. கோதுமை ரொட்டியும் பருப்புக் கறியும் காரமான தேங்காய்ச் சம்பலும் கொடுத்தார். ஓட்டுநர் வந்து சிங்களத்தில் ஏதோ நீளமாகச் சொன்னார். கடைக்காரர் அதைச் சுருக்கி, “வண்டிக்கு மூச்சு வாங்குதாம், இன்னும் ஒரு பிளேன்டி குடிக்க நேரமிருக்கு” என்று எனக்குச் சொன்னார். பால் இல்லாத இஞ்சித் தேநீர், பக்கத்தில் ஒரு துண்டு கருப்பட்டி. கடித்துக்கொண்டு குடிக்கவேண்டும். எங்கள் ஊரில் கருப்பட்டிக் காப்பி உண்டு, ஆனால் இப்படிக் கடிக்கிற வழக்கமில்லை. நான் இரண்டாவது ரொட்டி கேட்டபோது தேங்காய் மூட்டைக்காரர் வந்து எதிரில் உட்கார்ந்து, சம்பல் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார். சமாதானம் ஆகிவிட்டது.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. மூடுபனியில் ஆட்டோவின் விளக்கு எதையும் காட்டவில்லை. நான் தங்கியது மூப்பராகப் போகிற சாமுவேலின் வீட்டில். லயம் என்பது நீளமான ஒரே கட்டடம். அதைக் குறுக்குச் சுவர்களால் பிரித்து ஆளுக்கொரு காம்பரா, அதாவது ஓர் அறை, பின்னால் ஓர் அடுப்படி, முன்னால் சின்னத் தாழ்வாரம். சாமுவேலுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. ஸ்டோர் என்று அவர்கள் சொல்கிற தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்பு எரிக்கிற வேலை. மனைவி எஸ்தர். மகள்களைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. எனக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டு அவர்கள் அடுப்படியில் படுத்துக்கொண்டார்கள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

மறுநாள் விடியுமுன், யாரோ என் காதருகே நின்று கூப்பிடுவதுபோல் ஒரு குரல் கேட்டு எழுந்து உட்கார்ந்தேன். சாமுவேல்தான், முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தார். மனிதர் பேசும்போது அடங்கிய குரல். ஜெபிக்கும்போது மலைக்கு அந்தப்புறம் இருப்பவரைக் கூப்பிடுகிற குரல். நாட்டை ஆளுகிறவர்களுக்காக, தோட்டத்தை நடத்துகிற துரைக்காக, மழைக்காக, எனக்காக, என் செரிமானத்துக்காகக்கூட ஜெபித்தார். பிறகு லயத்தில் உள்ள வீடுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வந்தார். பக்கத்துக் காம்பராவின் பெயர் வந்தபோது சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு பாத்திரம் ஓங்கி வைக்கப்பட்டது. அண்ணாந்து பார்த்தேன். குறுக்குச் சுவர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிட்டது. அதற்கும் தகரக் கூரைக்கும் நடுவே ஒன்றுமில்லை.

காலை உணவுக்கு மேல் பாஸ்டர் தன் மோட்டார் சைக்கிளில் வந்தார். அந்தச் சபையின் ஒரு வழக்கத்தை அவர்தான் சொன்னார். அவருக்கு முன் இருந்த பாஸ்டரின் காலத்தில், கோயிலில் கண்ணீர் விட்டுப் பாடுகிற ஒரு மூப்பர் வீட்டில் மனைவியை அடிக்கிறார் என்பது லயம் முழுக்கத் தெரிந்திருக்கிறது, சபைக்கு மட்டும் தெரியவில்லை. அதற்குப் பிறகு இவர்கள் ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். யாரை மூப்பராக வைப்பதானாலும், சுவரைப் பங்குபோட்டுக்கொள்கிற பக்கத்துக் காம்பராக்காரர் ஆராதனைக்கு வந்து சாட்சி சொல்லவேண்டும். அவர் எந்த மதமானாலும் சரி. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அந்த வாரத்தில் மூப்பராகிறவரும் அவர் வீட்டாரும் விருந்தாளியும் அவரிடம் அதைப்பற்றி வாய் திறக்கக்கூடாது.

“பரிசுத்தவானா இல்லையான்னு நமக்குத் தெரியாதுங்கய்யா. சுவருக்கு அந்தாண்ட இருக்கவங்களுக்குத் தெரியும்” என்றார் பாஸ்டர்.

எனக்கு இந்த வழக்கம் மிகவும் பிடித்துப்போனது. தூத்துக்குடியில் என் வீட்டைச் சுற்றிக் காம்பவுண்டுச் சுவர். அதன் மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரரின் இனிஷியல் தெரியும், பெயர் தெரியாது.

சாமுவேலின் பக்கத்துக் காம்பராவில் இருப்பவர் மாரியாயி. கொழுந்து பறிக்கிறவர், கணவரை இழந்தவர், ஒரே மகன் ரமேஷ் ஹட்டனில் ஒரு கடையில் வேலை பார்க்கிறான். அன்று மாலை பீலிக்கரையில், மலையிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் விழுகிற இடத்தில், அவரைப் பார்த்தேன். நெற்றியில் திருநீறு, தலையில் துண்டு. குடத்தை நகர்த்தி எனக்கு முகம் கழுவ இடம் விட்டார். நான் வணக்கம் சொன்னேன், அவரும் சொன்னார். வேறு பேச்சில்லை. அவருக்கும் விதி தெரிந்திருந்தது.

முதல் நாள் பிரசங்கம் நன்றாகவே போனது. இரட்சிப்பு ஒரு நொடியில் கிடைக்கிற ஈவு, பரிசுத்தமாவதோ சாகும்வரை நடக்கிற வேலை என்பது அதன் சாரம். பல ஊர்களில் சொல்லிப் பழகியது, எங்கே நிறுத்தினால் “ஆமென்” வரும் என்பதுகூட எனக்குத் தெரியும். சாமுவேல் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டே இருந்தார். அவர் கதையைப் பாஸ்டர் முன்பே சொல்லியிருந்தார். ஒரு காலத்தில் சம்பள நாளில் அவரை ரோட்டோரக் கானிலிருந்துதான், அதாவது சாக்கடையிலிருந்துதான், தூக்கிவர வேண்டியிருக்குமாம். அந்த மனிதருக்கு மூப்பராவதில் ஒரே ஓர் ஆசை இருந்தது. திருவிருந்துக் கிண்ணத்தைச் சபையாருக்கு எடுத்துக்கொடுப்பது மூப்பரின் வேலை. சாராயக் கிளாசைப் பிடித்த கையால் அந்தக் கிண்ணத்தைப் பிடிக்கவேண்டும். வேறு எதையும் அவர் கேட்கவில்லை.

இதை அறிந்ததால்தான் அந்தப் பாத்திரச் சத்தம் என்னை உறுத்தியது. வெள்ளிக்கிழமை காலையும் அதே பெயர் வந்த இடத்தில் அதே சத்தம். சாமுவேல் வேலைக்குப் போனபின், ரொட்டி தட்டிக்கொண்டிருந்த எஸ்தரிடம் கேட்டுவிட்டேன். அவர் முதலில் மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

கொஞ்ச காலத்துக்கு முன் ரமேஷுக்குப் பெண் பேசியிருக்கிறார்கள். பட்டிப்பொலப் பக்கத்திலிருந்து பெண்வீட்டார் வந்து, பேச்செல்லாம் முடிந்து, இரவு மாரியாயியின் காம்பராவிலேயே தங்கியிருக்கிறார்கள். காலையில் வெற்றிலை பாக்கு மாற்றவேண்டியதுதான் பாக்கி. ரமேஷ் அப்போது நன்றாகக் குடித்துக்கொண்டிருந்த சமயம்.

“விடியக்காலைல இவரு ஜெபத்துல நின்னாருங்கய்யா. ‘ஆண்டவரே, பக்கத்து வீட்டு ரமேசு சம்பளத்த எல்லாம் தவறணையில குடிச்சுத் தீர்த்துட்டு ரோட்டுல கெடக்கான், நானும் அதே கான்ல கெடந்தவன்தான், என்னயத் தூக்குன மாதிரி அவனயும் தூக்கிவிடுங்க’ன்னு அழுது ஜெபிச்சாரு. அவ்வளவுதான். வந்தவங்க தேத்தண்ணிகூட குடிக்கல. மொத பஸ்ஸப் புடிச்சிட்டாங்க.”

அவர்களுக்கு உண்மை தெரிந்தது நல்லதுதானே என்று எனக்குள் ஒரு வாதம் கிளம்பியது. ஆனால் சுவர் தாண்டி அப்படித் தெரிந்துகொள்வது வேறு என்பதும் உடனே புரிந்தது. சாமுவேலிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொல்லத்தான் போனேன். அதுக்குள்ள அவரே வந்து, ‘பாவம் மாரியாயி, பையன் குடிக்கிறத யாரோ சொல்லிக் குடுத்துட்டாங்க போல’ன்னு கண் கலங்குனாரு. அதுக்கப்புறம் எனக்கு வாயே வரல்லங்கய்யா.”

அன்றிலிருந்து மாரியாயி சாமுவேலோடு பேசுவதில்லை. தன் சங்கடம் தன்னோடு என்று அவர் ஒதுங்கிப் போவதாக சாமுவேல் நினைத்துக்கொண்டு, இன்னும் ஊக்கமாக ஜெபித்து வந்திருக்கிறார். லயம் முழுக்கத் தெரிந்த விஷயம் அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. ஜெபிக்கிற மனிதரிடம் போய்ச் சத்தத்தைக் குறை என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அன்று பிற்பகல் சாமுவேல் வெள்ளைச் சட்டை வாங்க என்னைப் பூண்டுலோயாவுக்குக் கூட்டிப்போனார். கடை முழுக்கப் புரட்டிவிட்டு, காலர் கடினமாக இருக்கிற ஒன்றை எடுத்தார். கடைக்காரர் கல்யாணமா என்று கேட்க, சாமுவேல் வெட்கப்பட்டுச் சிரித்தார். பிறகு சீனிச்சம்பல் வைத்த பனிஸ் வாங்கி இருவரும் தின்றோம். வெங்காயத்தை இனிப்பாகச் சமைத்து ரொட்டிக்குள் வைப்பதை என் மனைவியிடம் சொன்னால் நம்பமாட்டாள். அருமையாக இருந்தது. ஆனாலும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபை நடுவில் மாரியாயி வாய் திறக்கும்போதுதான் இந்த மனிதர் இதை முதன்முதலாகக் கேட்கவேண்டுமா? விதி மாரியாயியிடம் பேசக்கூடாது என்பதுதான், சாமுவேலிடம் பேசக்கூடாது என்பதல்ல. தேயிலைக்கு நடுவே குறுக்குவழியில் ஏறும்போது சொல்லிவிட்டேன்.

அவர் நடந்துகொண்டேதான் கேட்டார். எஸ்தருக்குத் தெரியுமா என்றார். தெரியும் என்றேன். லயத்துக்கே தெரியுமா என்றார். தெரியும் போலிருக்கிறது என்றேன். ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். சட்டைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

“அப்போ நான் இத்தன நாளும் யாருகிட்டங்கய்யா பேசிக்கிட்டு இருந்திருக்கேன்?” என்றார்.

அன்றைக்குச் சொல்லவேண்டிய என் இரண்டாம் பிரசங்கம், பரிசுத்தம் என்பது வேறுபிரிக்கப்படுவது என்பதைப் பற்றியது. அதில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

அவருக்கு உடனே ஓடிப்போய் மாரியாயியின் காலில் விழவேண்டும் என்றிருந்தது. விதி குறுக்கே நின்றது. இந்த வாரம் மன்னிப்புக் கேட்டால் அதுவும் சாட்சிக்காகக் கேட்டதாகிவிடும். பாஸ்டரிடம் சொல்லி விலகிவிடுகிறேன் என்றார். வேண்டாம், அந்த அம்மாவுக்குச் சொல்வதற்கு ஓர் இடம் வேண்டும், அதையும் நீங்கள் பறித்துக்கொள்ளாதீர்கள் என்றேன். எங்கிருந்து எனக்கு அந்தப் புத்தி வந்தது என்று தெரியவில்லை, வந்ததற்கு இன்றும் சந்தோஷப்படுகிறேன்.

சனிக்கிழமை காலை நான் நன்றாகத் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது வெளியே வெளிச்சம். வீட்டில் சத்தமே இல்லை. எஸ்தர் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு மலைப்பக்கம் கையைக் காட்டினார். சாமுவேல் இருட்டோடு எழுந்து, யார் காதிலும் விழாத தூரத்துக்குத் தேயிலைக்குள் ஏறிப் போயிருந்தார். கொஞ்ச நேரத்தில் நனைந்து நடுங்கிக்கொண்டு இறங்கி வந்தார். கால் முழுக்க அட்டை கடித்து ரத்தம் வழிந்தது. எஸ்தர் சவுக்காரத்தைக் கரைத்துத் தடவிவிட்டார். மனிதர் முகத்தில் ஒரு நிம்மதி. இனிமேல் தினமும் அங்கேதான் என்றார்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, முற்றத்தில் மாரியாயியின் குரல் எழுந்தது. முதுகில் வெறும் கூடையோடு திரும்பி வந்திருந்தார். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்கு நேரம் பிந்திப் போய்விட்டார், அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் கணக்குத்தான் என்று வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு சொல்லியிருக்கிறார். கோபத்தில் அதுவும் வேண்டாம் என்று வந்துவிட்டார். யாரையும் பார்க்காமல், யார் பெயரும் சொல்லாமல், மலையைப் பார்த்து நின்று பேசினார்.

“மழையா வெயிலா ஒரு நாளு தவறாத மனுசருக்கு இன்னைக்கு மட்டும் என்னவாம்? சொகமில்லயா, செத்தா போனாங்க, ஒண்ணும் தெரியல. போன்ல அலாரம் வைக்கிறது எப்படின்னுகூட எனக்குத் தெரியாது. எனக்கு எதுக்கு அது? விடியக்காலைல இங்கனதான் ஒரு அலாரம் இருக்கே.”

எஸ்தர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவிட்டார். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. சாமுவேல் மட்டும் வெளுத்துப் போனார். ஜெபித்தும் கெடுத்தேன், ஜெபிக்காமலும் கெடுத்தேன் என்று தலையில் கை வைத்துக்கொண்டார். விதி மட்டும் இல்லையென்றால் அங்கேயே எல்லாம் தீர்ந்திருக்கும். மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டு, ஒரு பெண் மலையைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அன்று மாலை மூன்றாம் பிரசங்கத்தைப் பாதியில் முடித்துவிட்டேன். பரிசுத்த வாழ்வின் கனிகள் என்று தொடங்கி, கனி மரத்துக்கு அல்ல, பக்கத்தில் இருப்பவனுக்கு என்ற இடம் வரைக்கும் வந்தேன். அது இதுவரை நான் எந்த ஊரிலும் சொல்லாதது, தானாக வந்தது. அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை. உட்கார்ந்துவிட்டேன். பாஸ்டர் வந்து உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா என்று கேட்டார். எனக்கு உடம்பு நன்றாகவே இருந்தது. நாளைக்கு அந்த அம்மா என்ன சொல்வாரோ என்பதுதான் பயம்.

ஞாயிறு காலை மூடுபனி விலகி நல்ல வெயில். கோயில் சின்னது, கல் சுவர், தகரக் கூரை. வெள்ளைச் சட்டையின் காலர் சாமுவேலின் கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தது. மாரியாயி பட்டுச் சேலை கட்டி, திருநீறு பூசி, செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார். முன்னால் அழைத்தபோது வர மறுத்து வாசல் ஓரமாகவே நின்றுகொண்டார். பாஸ்டர் அங்கே போய், பக்கத்தில் நின்று கேட்டார். குடி உண்டா என்றார். இல்லை என்றார் மாரியாயி. வீட்டில் கை நீட்டுவது உண்டா என்றார். அந்தப் பேச்சே இல்லை, அந்த அண்ணிதான் அவரை விரட்டுவாங்க என்றார். சபை சிரித்தது. இங்கே இருக்கிற சாமுவேலும் அங்கே இருக்கிற சாமுவேலும் ஒரே ஆள்தானா என்று பாஸ்டர் கடைசியாகக் கேட்டார்.

மாரியாயி சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

“ஒரே ஆளுதாங்கய்யா. அதுதான் கஷ்டம். எம் மகன் சங்கதிய நான் அன்னைக்குக் காலைல பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட என் வாயாலயே சொல்லத்தான் இருந்தேன். ராத்திரி பூரா எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சிக்கிட்டு முழிச்சிக் கெடந்தேன். அதுக்குள்ள இவரு சாமிகிட்ட சொல்லிட்டாரு. நான் சொல்லிருந்தா, ஒரு தாய் சொல்ற மாதிரி சொல்லிருப்பேன். அத எனக்கு விட்டுவைக்கல.”

சாமுவேல் குனிந்த தலை நிமிரவில்லை. எஸ்தர் அழுதுகொண்டிருந்தார். சரி, முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். பாஸ்டரும் அப்படித்தான் நினைத்தார் போலும், அப்படியானால் வேண்டாமா அம்மா என்று மெதுவாகக் கேட்டார்.

“வேணாம்னு யாரு சொன்னா? நேத்து சத்தமில்ல. சத்தமில்லாம எனக்கு விடியல்லங்கய்யா. எம் புள்ளைக்காக என்னயும் இவரயும் விட்டா வேற யாரு அழுவுறா? அவரு கும்பிடட்டும். எங்க வீட்டுப் பேரு வாற நேரத்துல மட்டும் சத்தத்தக் கொறச்சிக்கச் சொல்லுங்க. பேர விட்டுற வேணாம்.”

சொல்லிவிட்டு, வெளியே போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். தேநீருக்குக்கூட நிற்கவில்லை. எங்கள் ஊரில் எத்தனையோ பெரிய மூப்பர்களுக்குக் கைவைத்து ஜெபித்ததைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு நற்சாட்சியோடு ஒருவர் முழங்காலில் நின்றதைப் பார்த்ததில்லை. சாமுவேல் கிண்ணத்தோடு என் முன்னால் வந்தபோது அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நான் வாங்கும்போது திராட்சைச் சாறு கொஞ்சம் அந்தப் புதுச் சட்டையில் சிந்தியது. அவர் குனிந்து பார்த்துவிட்டு, துடைக்காமல் அடுத்தவரிடம் போனார்.

மத்தியானம் மனைவிக்கு போன் செய்து, நம் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு என்னைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வார் என்று கேட்டேன். அவள் வெகுநேரம் சிரித்தாள். ஊருக்கு வந்ததும் அவர் பெயரைத் தெரிந்துகொள்வது என்று முடிவு செய்திருக்கிறேன்.

திங்கட்கிழமை நான் கிளம்பவேண்டிய நாள். பை கட்டி வைத்துவிட்டுப் படுத்திருந்தேன், தூக்கம் கலைந்தே இருந்தது. இருட்டில் சாமுவேல் எழுந்து முழங்காலில் நின்றார். மலைக்குப் போகவில்லை. பழைய குரல், தகரக் கூரை அதிரும் குரல். நாட்டை ஆளுகிறவர்கள், துரை, மழை, கடல் தாண்டிப் போகிற நான், எல்லாம் வந்தது. லயத்து வீடுகள் ஒவ்வொன்றாக வந்தன. பக்கத்துக் காம்பரா வந்தபோது குரல் தாழ்ந்தது. உதடு அசைகிற ஓசை மட்டும் கேட்டது. என்ன சொல்கிறார் என்று மூன்றடி தள்ளிப் படுத்திருந்த எனக்கே தெரியவில்லை.

சுவருக்கு அந்தப்பக்கம் பாத்திரம் வைக்கிற சத்தம் இல்லை. ஆனால் ஆள் விழித்திருப்பது தெரிந்தது. கொஞ்சம் பொறுத்து, குறுக்குச் சுவருக்கு மேலே, கூரைக்குக் கீழே இருந்த அந்த இடைவெளி வழியாக ஒரு குரல் வந்தது.

“அண்ணே, மணி என்ன?”

சாமுவேல் ஜெபத்தை நிறுத்தினார். இருட்டில் போனைத் தடவி எடுத்துப் பார்த்தார்.

“அஞ்சாகப் போகுது தங்கச்சி” என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து, அதே தாழ்ந்த குரலில் தொடர்ந்தார்.